வேதன உண்டோ?

கொழிஞ்சாம்பாறை,
தை 12

அன்புள்ள துரைக்கு,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. போனில் கேட்காமல் கடிதமாக எழுதியது ஏன் என்று முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. அக்கா பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது, "கடைசிக் காலத்துக்கு எந்த இடம் நல்ல இடம்" என்று போனில் எப்படிக் கேட்பாய்?

இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி, தையில் நம் வீட்டு ஓட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்குமே, அதே காற்றுதான். தென்னைக்கு இந்த வருஷமும் வெள்ளை ஈ. சின்னவளுக்குப் பாலக்காட்டில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சித்தூர் காலேஜ் பக்கம் போன மாதம் போனேன். நாம் தமிழ் பி.ஏ. படித்த வகுப்பறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உள்ளே போகத் தோன்றவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு இடத்து நோட்டீசையும் அனுப்பியிருக்கிறாய். ஒன்றில் தோட்டம், பிரார்த்தனைக் கூடம், "24 மணி நேரமும் மருத்துவர்". இன்னொன்றில் படம்கூடச் சரியாக அச்சாகவில்லை. எது நல்லது என்று கேட்கிறாய். அண்ணனை வைத்து நான் இரண்டு விதத்தையும் பார்த்தவன் என்பதால்தான் கேட்கிறாய் என்று தெரியும். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் உடுமலையில் முப்பது வருஷம் மில்லில் இருந்தவர். புராஸ்டேட்டில் வந்த புற்று முதுகெலும்புக்குப் பரவியபோது, இனிமேல் நோயைத் துரத்த முடியாது, வலியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பையன் பெங்களூரிலிருந்து, "செலவைப் பத்தி யோசிக்காதீங்க சித்தப்பா, நல்ல எடமாப் பாருங்க" என்றான். நானும் நல்ல இடமாகப் பார்த்தேன். அந்த இடத்தின் பேர் வேண்டாம், விட்டுவிடு. தரையில் முகம் பார்க்கலாம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தி. பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் நானே கட்டின வீடு மாதிரி சுற்றிக் காட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது.

அங்கே ஒரு நர்ஸ் பெண், கோட்டயம் பக்கத்துக்காரி. தங்கமான பெண். காலையும் மாலையும் வந்து குனிந்து, "வேதன உண்டோ?" என்று கேட்பாள். அண்ணன் என்ன சொல்வார் தெரியுமா? "வேதனையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எழுபத்திரெண்டு வயசாச்சு, பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு." அவள் சிரித்துவிட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவாள். மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. நமக்கு வேதனை என்றால் மனசு. அவள் கேட்டது ஒன்று, அவர் பதில் சொன்னது வேறொன்று. வலியை 0 முதல் 10 வரை போடுகிற கட்டத்தில் எட்டு நாளும் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களுக்குக் கீழே அண்ணன் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு நாள் வேறொரு பெண்ணிடம் "வலி" என்றே சொல்லியிருக்கிறார். அவள் ஓடிப்போய் ஆவி பிடிக்கிற மெஷினைக் கொண்டு வந்திருக்கிறாள். அவர்களுக்கு வலிவு என்றால் மூச்சிழுப்பு! இரண்டு பாஷையும் தெரிந்த மடையன் நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாஷை தெரியாதவர்களுக்காகத்தான் சிரிக்கிற முகம், அழுகிற முகம் வரைந்த அட்டை இருக்கிறது, விரலால் தொட்டுக் காட்டினால் போதும். அந்த அட்டையை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. தமிழ் பேசுகிற நோயாளியை மலையாளம் மட்டும் தெரிந்தவர் எப்படிக் கேட்பார் என்று அந்த நிர்வாகம் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அவரால் தாங்க முடியவில்லை. வாய்விட்டுக் கத்தினார். ஓடினேன். இருந்தது ஒரே ஒரு அட்டெண்டர் பையன். டாக்டர் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். "24 மணி நேரமும்" என்றால் போனில் கிடைப்பார் என்று அர்த்தமாம், போனையும் எடுக்கவில்லை. கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். எட்டரை மணி நேரம் துரை. செம்பருத்திக்கு வெளிச்சம் போட்டு வைத்திருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டே விடிந்தது.

அதனால் நீ எந்த இடத்துக்குப் போனாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தால் மாத்திரை கொடுப்பது யார், சாவி யாரிடம் என்பதுதான். மேனேஜரிடம் கேட்காதே, அவர் நோட்டீசையே திருப்பிச் சொல்வார். ராத்திரி டியூட்டி நர்ஸிடம் கேள். வாய் வழியாகக் கொடுக்கிற சாதாரண மார்ஃபினை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வந்தாலும் வராவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்ப வேண்டாமென்று படுக்கப்போகும்போது இரட்டை மாத்திரை எழுதுகிற டாக்டர்களும் உண்டு. இதற்கு நடுவில் வலி எகிறினால் கொடுக்க ஒரு உபரி வேளையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த உபரி வேளை எழுதியிருந்து, சாவியோடு ஒரு நர்ஸும் இருந்திருந்தால் டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பாய். மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுதுகிறார்களா என்று பார். மார்ஃபின் சாப்பிட்டால் அனேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். அது தெரிந்த இடம் முதல் நாளே இரண்டையும் சேர்த்துத்தான் எழுதும். அண்ணனுக்கு ஆறு நாள் கழித்து நான் சொன்ன பிறகுதான் எழுதினார்கள். எனக்கு இப்போது ஒரு இடத்தை எடை போட இந்த ஒரு சீட்டே போதும்.

"மார்ஃபினா, அது போதை மருந்தாச்சே, உயிரைச் சீக்கிரம் எடுத்துருமே" என்று உன் மச்சான் சொல்வார். அண்ணியும் சொன்னாள். வலிக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் அப்படி ஒன்றும் ஆகாது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வைத்துக்கொள்ளப் பயந்தன. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் வாங்கி இருப்பு வைக்கலாம், பயிற்சி பெற்ற டாக்டர் எழுதித் தரலாம். அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று தயங்காமல் கேள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடு, தோட்டத்தைக்கூடப் பார்க்க வேண்டாம்.

பதினோராம் நாள் அண்ணனை இங்கே வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். தீராத நோய்க்காரர்களின் வலியையும் அவஸ்தையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிற "பாலியேட்டிவ்காரர்கள்" நம் பக்கம் ஜீப்பில் வருவார்களே, கடைகளில் உண்டியல் வைத்திருப்பார்களே, அவர்களைத்தான் கூப்பிட்டேன். 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் ராஜகோபால், சுரேஷ்குமார் என்ற டாக்டர்கள் ஆரம்பித்துவைத்தது ஊர் ஊராகப் பரவி, 2008-இல் கேரள அரசே இதற்கென்று கொள்கை அறிவித்து, பஞ்சாயத்துக்கு நர்ஸ் போடுகிற அளவுக்கு வந்தது. 2010-இல் 'எகனாமிஸ்ட்' பத்திரிகைக் குழுமத்து ஆய்வுப் பிரிவு, மக்கள் எப்படிச் சாகிறார்கள் என்று 40 நாடுகளை வரிசைப்படுத்தியபோது இந்தியாவுக்கு நாற்பதாவது இடம். கேரளத்தை மட்டும் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். இதெல்லாம் அண்ணன் போன பிறகு நான் தேடிப் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது உண்டியல் மட்டும்தான்.

வந்த டாக்டர் சின்ன வயசு. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது. "உங்களுக்கு என்ன நோய்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வருஷமாக வீடே சேர்ந்து மறைத்த விஷயம்! அண்ணன் நிதானமாக, "தெரியாமயா? எனக்குத் தெரியாதுன்னு இவனுகதான் நெனச்சிட்டிருக்கானுக" என்றார். அப்புறம் வலியைப் பற்றிக் கேட்டார்கள். எங்கே, எப்படி, எப்போது, எதைச் செய்தால் கூடுகிறது. "இடுப்புல கடப்பாறைய விட்டுக் கெளர்ற மாதிரி. ராத்திரியானா காலு வரைக்கும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றார். கூட வந்த நர்ஸ் அந்த வார்த்தைகளை அப்படியே மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். கடப்பாறை, விண் விண். எட்டு நாள் பூஜ்யம் போட்ட மனிதர் அன்றைக்கு எட்டு என்றார்.

மாத்திரை மாறியது. அதோடு, எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தால் நன்றாகக் கேட்கும் என்று சொல்லி, கோயமுத்தூருக்கு ஒரு நாள் அனுப்பிவைத்தார். இதைக் கவனி. இந்த வைத்தியம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது என்று நினைக்கிற இடமும் உண்டு, எது உதவும் என்று தேடுகிற இடமும் உண்டு. இரண்டு வாரத்தில் அண்ணன் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்டது கள்! உடுமலையில் அதற்குத் தடை, இங்கே கடையில் விற்கிறது. முப்பது வருஷ ஏக்கம். டாக்டரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "அரை டம்ளர் குடிக்கட்டும், நானும் வரட்டுமா?" என்றார்.

அண்ணிக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தது தனிக் கதை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, ஆளைத் தூக்காமல் விரிப்பைப் பிடித்து எப்படி நகர்த்துவது, நனைத்த துணியால் வாயை எப்படித் துடைப்பது, கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் பயப்படாமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. கடைசியாகச் சொன்னது, வரப்போகிறதை முன்கூட்டியே சொல்லிவைத்தது. அது வந்தபோது அண்ணி ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. முதுகில் ஒரு புண்கூட இல்லாமல்தான் அண்ணன் போனார்.

அவர்களும் சாமிகள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, ஆள் வர அரை நாள் ஆகிவிட்டது. ஒரு ஜீப், எத்தனையோ வீடு. வாலண்டியர் ஒருவர் பக்தி சொற்பொழிவு ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அண்ணன் தூங்குவதுபோல நடிப்பார். ஆனால் ராத்திரி போன் எடுத்தார்கள். நான் கூப்பிட்டது மூன்று தடவை, மூன்று தடவையும் எடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த நர்ஸ் தனியாக வந்து அண்ணியோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். நோயாளியே இல்லாத வீட்டுக்கு.

இப்போது உன் விஷயம். இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் போ, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். அங்கே படுத்திருப்பவர்களின் உதட்டைப் பார், குதிகாலைப் பார். உதடு வெடித்திருந்தால், குதிகால் சிவந்து புண்ணாகியிருந்தால் யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் நம்பருக்குப் போன் போட்டுப் பார். முன்பணம் எவ்வளவு, நடுவில் வீட்டுக்குக் கூட்டிப்போனால் திருப்பித் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கு. அண்ணன் விஷயத்தில் அது பெரிய சண்டையாகிவிட்டது, நேரில் சொல்கிறேன்.

திடீரென்று மோசமானால் ஆம்புலன்ஸில் ஏற்றி ஐ.சி.யு.வுக்கு அனுப்பிவிடுவார்களா என்றும் கேள். அக்காவுக்கு அது வேண்டாம் என்றால் அவளே எழுதி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஒப்புக்கொண்டது. 2023-இல் நடைமுறையையும் சுலபமாக்கிவிட்டார்கள், இரண்டு சாட்சிகளும் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ இருந்தால் போதும். ஆனால் அது அக்கா சொல்ல வேண்டியது, நீயும் மச்சானும் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

அப்புறம், வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் யோசி. உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் 2021-இல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து வலிநிவாரணச் சிகிச்சை பார்ப்பதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரி. நோட்டீஸ் சரியாக அச்சாகாத அந்த இரண்டாவது இடத்து ஆட்களும் வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டுப் பார். எனக்கென்னவோ அவர்கள்மேல்தான் ஒரு இது. ஆனால் நான் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு வருகிறேன், சேர்ந்தே போய்ப் பார்ப்போம். அதற்குள் ஒரு வேலை செய். இன்றைக்கு ராத்திரி மச்சான் தூங்கின பிறகு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வலி எங்கே, எப்படி இருக்கிறது என்று கேள். குடையுதா, கடுக்குதா, எரியுதா என்று நீ எடுத்துக்கொடுக்காதே. அவள் சொல்கிற வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதி வை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவோம்.

உன்,
மணி