மூன்றில் ஒரு பங்கு விமானம்

ஆஸ்டின், டெக்ஸாஸ்

அன்புள்ள செல்வம்,

"ஏரோபிளேன் வாங்கிட்டியாமே, லாட்டரி அடிச்சுதா?" என்று கேட்டிருந்தாய். உனக்குச் சொன்னது என் தங்கச்சிதானே? அவள் சொல்வதில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மை இருக்கும். விமானத்திலும் எனக்கு மூன்றில் ஒரு பங்குதான். ஆபீஸ் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, 1975இல் செய்த செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். என் பங்குக்குப் போன பணத்தில் இங்கே ஒரு டொயோட்டா கேம்ரி வாங்கலாம், அவ்வளவுதான்.

ஐம்பது வயது விமானமா என்று பயப்படாதே. இங்கே அது சாதாரணம். உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் இந்த 172தான், 44,000க்கும் மேல். விபத்து வழக்குகளின் செலவு தாங்காமல் 1986இல் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். சிறு விமானம் 18 வருடம் தாண்டிவிட்டால் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது என்று 1994இல் சட்டம் வந்த பிறகுதான், 1996இல் மறுபடி தொடங்கினார்கள். புதியதன் விலை நம் கைக்கு எட்டாது. ஆகவே எல்லோரும் பழசையே தட்டிக்கொட்டி ஓட்டுகிறோம்.

முதலில் பார்த்தது 1978ஆம் வருடத்து விமானம். பெயின்ட் பளபளவென்று இருந்தது, ஓடிய மணி நேரமும் ரொம்பக் குறைவு. நான் அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகிவிட்டேன். மெக்கானிக் பேசாமல் ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தார். மடிப்புக்குள் மினுமினுப்பாக ஏதோ தெரிந்தது. காந்தத்தைக் கொண்டுபோனார், ஒட்டிக்கொண்டது. இரும்புத் துகள். 1977 முதல் 1980 வரை 172இல் வந்த அந்த மாடல் எஞ்சினுக்கு, வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு தேயும் வியாதி உண்டாம். ஓட்டாமல் நிறுத்திவைத்தால் இன்னும் மோசம். குறைவாக ஓடியது என்று நான் மகிழ்ந்ததுதான் அதற்கு நோயே!

அப்புறம் வில்லங்கம் பார்க்க வேண்டும். நிஜமாகவே வில்லங்கம்தான். நாட்டிலுள்ள எல்லா விமானங்களின் பத்திரங்களும் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கின்றன. கடன் பாக்கி இருக்கிறதா, யார் யாரிடம் கைமாறியது என்று அங்கே தேட வேண்டும். மனை வாங்கும்போது உன் அப்பா மூலப் பத்திரத்தை விளக்கு வெளிச்சத்தில் வரி வரியாகப் படிப்பாரே, அது ஞாபகம் வந்தது.

வாங்குவதாவது பரவாயில்லை. நிறுத்த இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஊருக்குப் பக்கத்தில் ஒரு விமான நிலையத்தில் ஹேங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, பெயர் கொடுத்தேன். வரிசையில் எனக்கு முன்னால் 60 பேருக்கு மேல். திறந்தவெளியில் கட்டிப்போடலாம், ஆனால் இங்கே வசந்த காலத்து ஆலங்கட்டி மழை அலுமினியத் தகட்டை அம்மைத் தழும்பாக்கிவிடும்.

ஊர் வீங்கிக்கொண்டே போகிறது. 1930இல் திறந்த முல்லர் விமான நிலையம் ஊருக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. 1999இல் அதை மூடி, பயணிகள் விமானங்களை பழைய பெர்க்ஸ்ட்ராம் விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். முல்லரில் இப்போது வீடுகள், பூங்கா, கடைகள். பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. பேத்தியை அங்கே விளையாடக் கூட்டிப்போவேன். அவள் ஊஞ்சலாடுவாள், நான் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சோழவரம் ஓடுபாதையில் நாம் பைக் ரேஸ் பார்க்கப் போனோமே, அங்கே ஒரு காலத்தில் போர் விமானம் இறங்கியது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை.

கடைசியில் டெய்லர் என்ற சிற்றூர்ப் பக்கம் ஹேங்கரில் பாதி இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அங்கேயும் சாம்சங் 2021இல் சிப் ஆலை அறிவித்தார்கள். சாலை நெடுக மனைப் பலகைகள் முளைத்துவிட்டன. எத்தனை நாள் இருக்க விடுவார்களோ.

என் மனைவி இன்னும் ஏறவில்லை. "நீ முதல்ல நூறு தடவை ஏறி இறங்கு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறாள். உன் முழங்கால் ஆபரேஷன் எப்படி ஆனது? மாடிப்படி ஏற முடிகிறதா?

டிசம்பரில் மகளைப் பார்க்க ஹூஸ்டன் வருவதாக எழுதியிருந்தாயே, சொல், நானே வந்து கூட்டிப்போகிறேன். ஒன்று மட்டும், பெயருக்கு நாலு சீட் இருந்தாலும் டேங்கை நிரப்பினால் நாலு பெரியவர்கள் ஏற முடியாது. விமானம், பெட்ரோல், ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 2,300 பவுண்டு தாண்டக் கூடாது. ஆகவே உன் எடையையும், ஊறுகாய் ஜாடிகளோடு சேர்த்துப் பெட்டியின் எடையையும் உண்மையாக எழுது.

உன்,
ராமு