நாலேகால் மணி நேரம்

பாப்பா,

இதைத் தாளில் எழுதி, படம் எடுத்து உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நானும் சாப்பாடு, மழை என்று ஏதோ பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

பொங்கலுக்கு வரவில்லை, சரி. சித்திரைக்கும் இல்லை என்கிறாய். "ரொம்ப தூரம்பா" என்றாயே, அதுதான் உறுத்துகிறது. நம் தெருவில் முதன்முதலில் விமானம் ஏறியவள் நீ. தூரத்தைக் காட்டி எதையும் தட்டிக்கழித்தவள் இல்லை.

மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். மேலே போனபின் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், மூன்றரை மணி நேரக் கணக்குதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து டிக்கெட்டில் நாலு, நாலேகால் என்று வருகிறது. உங்கள் ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே காலை 8 மணிக்குக் கிளம்பினால் இங்கே 10 மணிக்குள் இறங்கிவிடலாம். அப்புறம் விம்கோ நகர் மெட்ரோ. 2021-லிருந்து வண்டி மாறாமல் தண்டையார்பேட்டை வரை வருகிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாய். தாத்தா ராஜுலா கப்பலில் போன காலத்தில் இதே தூரத்துக்கு ஒரு வாரம் ஆனது.

பாஸ்போர்ட்டை உன் கைப்பையிலேயே வைத்துக்கொள். பீரோவில் வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கும்போதெல்லாம் உன் பேச்சுதான். மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது, நீயும் நிறுத்திவிடுகிறாய். உன்மேல் எனக்குக் கோபம்தான். அப்பாவிடம் என்ன மறைப்பு? டிக்கெட் பணம்தான் காரணம் என்றால் என் பென்ஷன் இருக்கிறது. அதைக் கேட்க உனக்கு என்ன கூச்சம்?

கேட்க நினைத்ததை எழுத வரவில்லை. காலடிப்பேட்டை அத்தை ஞாபகம்தான் வருகிறது. இங்கிருந்து இப்போது மூன்று ஸ்டேஷன். அன்று ராத்திரி வந்து நின்றபோது அவள் கையில் ஒரு பைகூட இல்லை. அம்மா சோறு போட்டாள். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. விடிந்ததும் பஸ்ஸில் கூட்டிப்போய் அந்த வீட்டு வாசலில் விட்டேன். "பார்த்துக்கோங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஹார்பருக்குப் போனேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் அவள், "அண்ணா, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும்.

மாடி அறையைக் கழுவி, ஃபேனை மாற்றியிருக்கிறேன். எந்த விமானம் என்று மட்டும் சொல். வெளியே வரும் வாசலில் நிற்பேன். ஏன் வந்தாய், எத்தனை நாள் என்று கேட்க மாட்டேன். பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும். ரிட்டர்ன் டிக்கெட் சேர்த்துப் போட வேண்டாம், அதை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா