நாலு டயரும் நாலு எண்ணும்

டொராண்டோ,
17.11.2024

அன்புள்ள நைனாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லாரும் நலமா? போன வாரம் பேசும்போது, தம்பி காருக்கு டயர் மாற்றவேண்டும், சத்துவாச்சாரியில் ஒரு கடையில் மலிவாகத் தருகிறார்களாம் என்று சொன்னீர்கள். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. "இருங்க நைனா, இப்ப வாங்காதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதைப் பொறுமையாக எழுதலாம் என்று இன்று லீவு நாளில் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டுத் தம்பியிடமும் கொடுங்கள்.

நானும் போன மாதம்தான் டயர் வாங்கினேன். போன ஜனவரியில் நடந்ததை உங்களிடம் சொல்லவே இல்லை, அம்மா பயந்துவிடுவாள் என்று. நைட் டியூட்டி முடிந்து காலை ஏழரை மணிக்கு வருகிறேன். சிக்னலில் சிவப்பு. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவில்லை. படியில் கொட்டிய எண்ணெயில் கால் வைத்த மாதிரி சறுக்கிக்கொண்டே போய், நடு ரோட்டில் போய் நின்றது. குறுக்கே ஒரு வண்டியும் வரவில்லை, சேண்பாக்கம் பிள்ளையார் புண்ணியம். டயரில் பட்டன் தேயாமல், பள்ளமும் மேடுமாக நன்றாகத்தான் இருந்தது, நைனா. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விரலை விட்டுப் பார்த்துத்தான் அந்தப் பழைய காரையே வாங்கினேன்.

காரணம் ரப்பர். 7 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் நம் தெருவில் செருப்பு தாரில் ஒட்டிக்கொள்ளுமே, அதற்கு நேர் எதிர். குளிர்காலத்துக்கென்றே தனி டயர் செய்கிறார்கள். அதன் ரப்பர் மைனஸ் இருபதிலும் மிருதுவாக இருந்து ரோட்டைப் பிடிக்கும். பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் போட்டிருக்கும், அதுதான் அடையாளம். பக்கத்து மாகாணம் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி தரவேண்டும் என்று 2016-லிருந்து விதி.

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் போன கடையின் வாசலில் பெரிய எழுத்தில் டயர் ஒன்று 99 டாலர் என்று போட்டிருந்தது. எனக்குச் சந்தோஷம். உள்ளே போய்க் கேட்டால் மாட்டக் கூலி தனி, சக்கரம் உதறாமல் சுற்ற எடை சரிபார்க்கிற பேலன்சிங் தனி, வால்வு தனி, பழைய டயரை அவர்கள் எடுத்துக்கொள்வதற்குக்கூடக் காசு. அதற்கு மேல் 13 சதவீதம் வரி. அது போகட்டும், மாட்டுவதற்கு முன் டயரைக் காட்டுங்கள் என்றேன். கவுண்டரில் இருந்தவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொம்பளைப் பிள்ளை டயரைக் குனிந்து பார்க்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ. லாரி டிரைவர் மகள் என்று அவருக்குத் தெரியாது இல்லையா!

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று ஆங்கில எழுத்தில் ஆரம்பித்து ஒரு வரி ஓடும். அதன் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். சில சமயம் ஒரு பக்கம்தான் முழுசாக இருக்கும், திருப்பிப் பார்க்கவேண்டும். நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். 3518. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2018-ஆம் வருடம் முப்பத்தைந்தாவது வாரத்தில் செய்த டயர். ஆறு வருடம் குடோனில் கிடந்த சரக்கைப் புது டயர் என்று விற்கிறார்கள்! "ஓடாத டயர்தானே, புதுசுதான்" என்றார் அவர். ரப்பர் ஓடாவிட்டாலும் காற்றிலும் வெப்பத்திலும் கிழடாகிவிடும் என்று நீங்கள் ஸ்டெப்னியைக் காட்டிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தம்பிக்கு மலிவாகத் தருகிறார்கள் என்றதும் எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான். நம் ஊர் டயரிலும் அதே நாலு எண் உண்டு. அதைப் பார்க்காமல் பணம் கொடுக்கவேண்டாம்.

அப்புறம் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையைச் சொன்னார். அந்த அண்ணன் முதலில் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீர்கள், எத்தனை வருடம் இந்தக் காரை வைத்திருப்பீர்கள் என்று. பிறகுதான் விலை பேசினார். மிக உயர்ந்ததும் வேண்டாம், அடிமட்டமும் வேண்டாம் என்று நடுவில் ஒன்றைக் காட்டினார். டயர் ஒன்று 140 டாலர். கூடவே தனி இரும்பு ரிம் நாலு வாங்கச் சொன்னார், ஒன்று 80. வீண் செலவு என்றுதான் எனக்குப் பட்டது. அவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றவேண்டும். ரிம் இல்லாமல் கழற்றி மாட்டி பேலன்ஸ் பார்க்க ஒரு தடவைக்கு 120, ரிம்மோடு என்றால் 60. மூன்று வருடத்துக்குள் ரிம் காசு திரும்பிவிடுகிறது. குளிரில் இது, வெயிலில் அது என்று இரண்டு செட்டும் பாதிப் பாதி வருடம்தான் தேயும். எல்லாம் சேர்த்து வரியோடு 1,080 டாலர். நம் பணத்தில் அறுபத்தைந்தாயிரம் போல ஆகிறது. மலைத்துப் போகாதீர்கள், ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததுதான்.

கிளம்பும்போது, "நூறு கிலோமீட்டர் ஓடிப்போட்டு வாங்கோ தங்கச்சி, நட்டை ஒருக்கா இறுக்கித் தாறன்" என்றார். அந்தத் தமிழைக் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அவர் சுவர் முழுக்க உலகத்து டயரெல்லாம் அடுக்கியிருந்தது. நம் அரக்கோணம் எம்.ஆர்.எஃப். டயர் ஒன்றாவது கண்ணில் படுமா என்று தேடினேன். இல்லை.

இப்போது தம்பி விஷயம். அவனுக்குக் குளிர்கால டயர் தேவையில்லை, மழைக்குப் பிடிக்கும் டயர் வேண்டும். பள்ளத்துக்குள்ளே குறுக்காகச் சின்ன மேடு இருக்கும், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். சட்டப்படி அதுவரை ஓடலாம். ஆனால் ரோட்டில் தண்ணீர் நின்றால் அதற்கு ரொம்ப முன்னாலேயே டயர் மிதக்க ஆரம்பித்துவிடும். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிறவன் அதுவரை காத்திருக்கக்கூடாது. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே வாங்கட்டும். அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரத்துக்கானது. என் டயரில் 91, அதாவது ஒரு டயர் 615 கிலோ தாங்கும். காசு குறைகிறது என்று ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைந்த எண் வாங்கிவிட வேண்டாம், அவன் வண்டியில் ஆள், பெட்டி, மேலே கேரியர் என்று பாரம் ஏறும்.

இன்னொன்று, நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதுசை முன்னால் போடுவது உங்கள் வழக்கம். காருக்குப் பின்னால்தான் போடவேண்டுமாம். முன்னால் பிடி விட்டால் வண்டி நேராகப் போகும், வேகம் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பின்னால் விட்டால் ஈர ரோட்டில் வண்டியே சுற்றிவிடும். நானும் நம்பவில்லை, அந்த அண்ணன் இரண்டு தடவை விளக்கியபிறகுதான் புரிந்தது. தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெட் பேச்சும் வேண்டாம். உங்கள் லாரியின் பின் சக்கரத்துக்கு அது சரி, தம்பி காருக்கு வேண்டாம்.

அதனால் அவசரமில்லாமல் மூன்று கடையில் கேட்கச் சொல்லுங்கள். மாட்டி, பேலன்ஸ் பண்ணி, சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று அலைன்மென்ட் பார்த்து, பில்லோடு மொத்தம் எவ்வளவு என்று கேட்கட்டும். மாட்டுவதற்கு முன் நாலு டயரின் நாலு எண்ணையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நான் முழித்துத்தான் இருப்பேன். பாதிப் பணம் நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அடுத்த மாதம் தீபத்துக்குக் கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு அந்த வண்டியில்தானே போகிறீர்கள். கார்த்திகை மழை வேறு. கிளம்புகிற அன்று காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், காற்று பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
பாப்பா