ஏசி கேஸ் நிரப்பும் முன் ஹீட்டர் வால்வைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்தால் காரில் ஏசி குளிரவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், கேஸ் இறங்கிவிட்டது என்பதே. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சூடாக ஹீட்டருக்குள் விடும் சிறிய வால்வு முழுமையாக மூடாவிட்டாலும் இதே குறை வரும். ஏசி குளிர்வித்த காற்று ஹீட்டரைத் தொட்டு மறுபடி சூடேறியே வெளிவருவதால், எத்தனை முறை கேஸ் நிரப்பினாலும் பணம்தான் வீண்.

இதைச் சோதிக்கக் கருவி ஏதும் வேண்டாம். எஞ்சின் நன்கு சூடானதும் ஹீட்டர் குமிழைக் குளிர்ப் பக்கம் முழுவதும் திருப்பிச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு எஞ்சினை அணைத்து, பேனட்டுக்குள், எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டுக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஓடுவது ஏறத்தாழ 90 டிகிரி சூடுள்ள கூலன்ட் என்பதால் அழுத்திப் பிடிக்கலாகாது. ரேடியேட்டர் மூடியின் பக்கமே போகக் கூடாது. வால்வைத் தாண்டிய ஹோஸும் முன்னுள்ளதைப் போலவே சுட்டால் வால்வு மூடவில்லை. அப்போதும் உடனே புது வால்வு வாங்க வேண்டியதில்லை. ஒருவர் குமிழைத் திருப்ப, மற்றொருவர் வால்வின் நெம்புகோலைக் கவனித்தால், குமிழிலிருந்து வரும் கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப் நழுவி, நெம்புகோல் பாதியிலேயே நிற்பது சில சமயம் தெரியவரும். கடைசிவரை நகர்ந்தும் ஹோஸ் சுடுமானால்தான் வால்வை மாற்ற வேண்டும். (இன்றைய பல கார்களில் இந்த வால்வே கிடையாது, காற்றைத் திருப்பும் கதவு மட்டுமே உண்டு. அவற்றில் இரண்டு ஹோஸ்களும் எப்போதும் சுடுவது இயல்பு.)

ஹீட்டரே சூடு தராவிட்டால் முதலில் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்து, ஒரு ஹோஸ் சுட, மற்றது குளிர்ந்திருந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது ஹீட்டர் அடைத்திருக்கிறது. கூலன்ட்டுக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டிகளில் உப்புப் படிந்து இரண்டுமே நடக்கும்.

ஒழுகும் வால்வுக்குச் சில ஒர்க்‌ஷாப்புகள் செய்யும் வைத்தியம், ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து, ஹீட்டருக்குள் கூலன்ட் போகாமல் செய்துவிடுவது. சமவெளியில் மட்டும் ஓடும் காருக்கு அதனால் பெரிய குறையில்லை. ஆனால், எங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து வெயிலில் புறப்பட்டு, அன்று மாலையே ஊட்டிக் குளிரில் நிற்கும் காருக்கு ஹீட்டர் வேண்டும். மலைப்பாதையில் எஞ்சின் சூடு ஏறும்போது ஹீட்டரை முழு அளவில் வைத்துச் சூட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டும் வழியும் இந்த இணைப்பால் அடைபடுகிறது.

ஆகவே, ஹீட்டரைத் துண்டிக்கும் ஒர்க்‌ஷாப்புகள் உரிமையாளரிடம் கேட்டுச் செய்வதுடன், அதை ரசீதிலும் எழுதித் தர வேண்டும். அந்தக் காரைப் பின்னாளில் வாங்குபவருக்கும் அந்தச் சீட்டு போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேட்டுப்பாளையம்.