பதில் கேட்காத கேள்வி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு மருத்துவமனையின் நோய்த்தணிப்புப் பிரிவில், அதாவது குணமாகாத நோயாளிகளின் வேதனையைக் குறைக்கும் பிரிவில், தொண்டராகச் சேர்ந்துவிட்டாயாமே. சும்மா இருக்கிற ஆளா நீ!

"இத்தனை வலியைக் கொடுக்கிறவன் கடவுளா?" என்று கேட்பவரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் சொல்லாதே. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி. பிறகு, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கப் போனார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் விழுந்தது, கடவுளிடம் முறையிட்ட யோபுமேல் அல்ல. நம் புறநானூற்றுப் புலவர் பக்குடுக்கை நன்கணியாரும், ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு என்று பார்த்து, படைத்தவனையே பண்பில்லாதவன் என்றார். கடவுளைத் திட்டுவது வேறு, விட்டுவிடுவது வேறு.

முதலில் வலியைக் கவனி. மருந்து வேளை தவறியதா, இரவு தூங்கினாரா என்று செவிலியரிடம் கேள். வலி அடங்காதவரிடம் வேறெதுவும் பேசிப் பயனில்லை. அடுத்தது மனச்சோர்வு. இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, பிடித்தவர்கள் வந்தாலும் முகம் மலரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்றால், உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறாரா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், மருத்துவரோ செவிலியரோ வரும்வரை அவரைத் தனியே விடாதே.

இதெல்லாம் பார்த்த பிறகு, "முன்பு எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்? இப்போது அது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. சிலர் கோபப்படுவார்கள், அது நல்லதுதான், பேச்சு அறுபடவில்லை. சிலர் கடவுளே இல்லை என்று முடிவுகட்டி நிம்மதியாக இருப்பார்கள். அவர்களைத் திரும்ப இழுத்து வருவது உன் வேலை அல்ல. "என்னைக் கைவிட்டுவிட்டான்", "என்னைத் தண்டிக்கிறான்" என்பவர்களிடம்தான் அடிக்கடி போக வேண்டும். அமெரிக்காவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை உளவியலாளர் பார்கமெண்ட் குழுவினர் இரண்டாண்டு பின்தொடர்ந்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் கைவிட்டாரோ என்று மறுகியவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 28 சதவீதம் கூடுதல். நம்பிக்கை போனதால் செத்தார்கள் என்று இதைப் படித்துவிடாதே. அந்த மறுகலுக்கும் இறப்புக்கும் தொடர்பு தெரிந்தது, அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்கள்தான் பெரும் தலைவலி. "இது சோதனை" என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "முழுசாக நம்பினால் குணமாகும்" என்பது கொடுமை. நோய் முற்றும்போது அதையும் தன் குற்றமாகவே எடுத்துக்கொள்வார் அந்த நோயாளி. யார் வேண்டுதல் செய்யலாம், வாய்விட்டா மனதுக்குள்ளா, தலையில் கை வைக்கலாமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள். வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடு.

கட்டிலருகே இருக்கும் சாமி படத்தை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடு. ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடாதே, பெயர் எழுதி அலமாரியில் வை. மறுநாளே திரும்பக் கேட்பவர்கள் உண்டு. வீட்டார் சண்டைக்கு வந்தால், சொன்னது நோயாளி என்று மட்டும் சொல். அவருக்காக நீ வாதாடப் போகாதே.

என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பதில் போடு.

அன்புடன்,
உன் நண்பன்