சாரதி இருக்கையின் வலப்பக்கத் திண்டு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மகளுக்கு,

மெல்பேர்ணிலிருந்து நீ அனுப்பிய இரண்டு கார்களின் படங்களையும் நேற்றிரவு அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொலைபேசியில் கதைத்தால் வேலைக்குப் போகும் அவசரத்தில் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய் என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். ஒன்று 2018ஆம் ஆண்டின் வொக்ஸ்வாகன் போலோ ஜீ.ரி.ஐ., 62,000 கிலோமீற்றர் ஓடியது. மற்றது 2019ஆம் ஆண்டின் சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட், 88,000 கிலோமீற்றர் ஓடியது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டதாகவும், இரண்டும் பிடித்திருப்பதாகவும், குறைந்தது பத்து வருடமாவது வைத்திருக்க எண்ணுவதால் எதன் உட்புறம் நின்றுபிடிக்கும் என்பதை மட்டும் சொல்லும்படியும் கேட்டிருக்கிறாய். பஞ்சிகாவத்தையில் கார் இருக்கை தைக்கும் குஷன் கடையில் 26 வருடம் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தவளிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

எஞ்சினைப் பற்றி அப்பா சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். போலோவில் 2 லீற்றர் டேர்போ, 147 கிலோவாற்று, சுவிப்டில் 1.4 லீற்றர் டேர்போ, 103 கிலோவாற்று. ஆனாலும் சுவிப்ட் ஒரு தொன்னுக்கும் குறைந்த பாரம் என்பதால் அந்த வித்தியாசம் தாளில் தெரிவதைப்போல வீதியில் தெரியாது என்றும், பாரம் குறைந்த வண்டி டயரையும் பிரேக்கையும் குறைவாகத் தின்னும் என்றும் சொல்கிறார். அவ்வளவுதான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கார் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் செய்வது, டாஷ்போர்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பது. அமுங்கினால் நல்ல சாமான், அமுங்காவிட்டால் மலிவுச் சாமான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நீயும் போலோவின் உட்புறம் "தரமாக" இருப்பதாக எழுதியிருப்பது இந்தப் பெருவிரல் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். மென்மை கைக்கு இதமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மென்மையாக இருப்பதும் நின்றுபிடிப்பதும் இரண்டு வேறு குணங்கள், சில வேளைகளில் ஒன்றுக்கொன்று பகையான குணங்கள்.

மென்மையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேலே தோல்போன்ற ஒரு படலமும் அடியில் ஸ்பொஞ்சுமாக உண்மையிலேயே அமுங்குவது. இது நெடுங்காலம் இருக்கும். மற்றது, கெட்டிப் பிளாஸ்ரிக்கின் மேல் றப்பர்போல உணரவைக்கும் ஒரு வகைப் பூச்சை அடித்துவிட்டு மென்மை என்று பெயர் வைப்பது. இதைக் கண்டால்தான் எனக்குப் பயம். அந்தப் பூச்சு பெரும்பாலும் பொலியுரேத்தேன்; வெக்கையும் ஈரப்பதனும் கையின் எண்ணெயும் சேர்ந்து அதன் கட்டமைப்பைச் சிறிது சிறிதாக உடைக்க, முதலில் பிசுபிசுக்கும், பிறகு நகம் பட்ட இடமெல்லாம் உரியும். ஒரு வாடிக்கையாளர் எட்டு வயதுகூட ஆகாத ஐரோப்பியக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை. கதவின் உட்கைப்பிடியில் அவருடைய சின்ன மகளின் நாலு விரல் அடையாளமும் பாகில் பதிந்ததுபோல அப்படியே இருந்தது. டெங்குக் காலம் என்று பிள்ளைக்கு நுளம்புத் தைலம் பூசிப் பாடசாலைக்கு ஏற்றிப்போயிருக்கிறார்கள்; அந்தத் தைலங்கள் பலவற்றிலுள்ள டீற் என்னும் இரசாயனம் சில வகைப் பிளாஸ்ரிக்குகளையும் பூச்சுகளையும் கரைக்கக்கூடியது. அந்தக் கைப்பிடியை நான் ரெக்சினால் மூடிக் கொடுத்தேன், வேறு வழியிருக்கவில்லை.

இந்த இரண்டு வகையையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. விரல் நுனியால் மெதுவாக அமுக்கு. அடியில் அசைந்து கொடுத்தால் ஸ்பொஞ்ச். வழுக்காமல் ஒட்டினாற்போல இருந்தும் துளிகூட அசையாவிட்டால் அது பூச்சு. கதவுக் கைப்பிடி, கண்ணாடி இறக்கும் சுவிச்சுகளின் சுற்று, கியர் அடிப்பகுதி ஆகிய மூன்று இடமும் போதும். போலோவில் டாஷ்போர்டின் மேற்பகுதி உண்மையிலேயே அமுங்குவது, கதவுகள் கெட்டிப் பிளாஸ்ரிக். சுவிப்டில் ஏறக்குறைய எல்லாமே கெட்டிப் பிளாஸ்ரிக். கீறல் விழும், பழுதான வீதியில் கிறீச்சிடும், பார்க்கவும் அவ்வளவு வடிவில்லை, ஆனால் உரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. டாஷ்போர்டைப் பொறுத்தவரை என்னுடைய வாக்கு, யாருக்கும் பிடிக்காத அந்தக் கெட்டிப் பிளாஸ்ரிக்குக்குத்தான்.

இருக்கைகளைப் பற்றித்தான் நான் கூடுதலாக எழுத வேண்டும். இந்த மாதிரி விளையாட்டுக் கார்களில் வளைவில் உடம்பு சரியாமல் பிடித்துக்கொள்ள இருபுறமும் திண்டுகளை உயர்த்தி வைத்திருப்பார்கள். உயர்த்திய திண்டைத் தாண்டித்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால், நம் இரண்டு நாட்டிலும் சாரதி இருக்கும் வலப்பக்கத்தில், கதவோரத் திண்டின் மேல்விளிம்புதான் முதலில் சாகும். அங்கே துணியும் தேயும், உள்ளே ஸ்பொஞ்சும் நசிந்து பொடியாகும், ஓரத் தையலும் இழுபடும். 2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட பாவனைக் கார்களுக்கு மறுபடி வழிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஐந்து வருடமும் ஆட்கள் இருந்த காரையே புதுப்பித்து ஓடினார்கள். ஒரே மாதிரிக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் கடைக்கு வந்ததில், எது எங்கே கிழியும் என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்கு எனக்குப் பாடமாகிவிட்டது.

அதில் கற்றுக்கொண்ட ஒன்று உன்னுடைய போலோவுக்குப் பொருந்தும். இருக்கையின் வயதைக் கிலோமீற்றர் சொல்லாது. எத்தனை தடவை ஏறி இறங்கினார்கள் என்பதுதான் சொல்லும். அடிக்கடி யாழ்ப்பாணம் போய்வருகிற காரின் இருக்கை, ஒரு நாளில் பத்து வீடு ஏறி இறங்குகிற வைத்தியரின் காரின் இருக்கையைவிடப் புதிதாக இருக்கும். நீ அனுப்பிய நாலாவது படத்தில் போலோவின் வலப்பக்கத் திண்டின் துணி மயிர்விட்டு நிற்கிறது, அதன் கீழே ஒரு மடிப்பும் விழுந்திருக்கிறது. 62,000 கிலோமீற்றருக்கு இது அதிகம். மீற்றரில் கை வைத்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்டிவிடாதே. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் சின்னச் சின்ன ஓட்டங்களாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அப்படியானால் எஞ்சினும் சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓடியதுதான், அதுவும் நல்லதல்ல என்று அப்பா பக்கத்திலிருந்து சொல்கிறார். சுவிப்டின் திண்டு 88,000 ஓடியும் நிமிர்ந்து நிற்கிறது.

அதற்காகப் போலோவின் துணியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டம்போட்ட துணி 1976இல் வந்த, அதே வொக்ஸ்வாகனின் முதலாவது கோல்ப் ஜீ.ரி.ஐ.யிலிருந்து தொடர்ந்து வருகிற மரபு. அதைத் தெரிவுசெய்தவர் அந்தக் கொம்பனியின் துணி, நிறப் பிரிவில் வேலைசெய்த குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி. கியர்த் தடிக்குக் கோல்ப் பந்து வடிவில் குமிழ் வைத்ததும் அவருடைய யோசனைதான். முழுக்க ஆண்கள் கதைத்துக்கொண்டிருந்த ஒரு சாமானில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் இரண்டையும் ஒரு பெண் செய்தாள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். தவிர, பல நிற நூல்களால் நெய்த கட்டத்தில் அழுக்கும் சாயம் மங்குவதும் இலகுவில் தெரியாது. கட்டங்கள் நடுவில் இருக்க, தேய்வது பக்கத்திலிருக்கும் வெறும் கறுப்புத் துணி என்பதும் உனக்கு வாய்ப்பானது. கட்டத்துக்குக் கட்டம் கோடு பொருந்த வெட்டித் தைப்பது எவ்வளவு சிரமம் என்று தைத்தவருக்குத்தான் தெரியும். கறுப்புத் திண்டை அங்கேயுள்ள நல்ல குஷன்காரர் ஒருவர் ஸ்பொஞ்ச் நிரப்பி மாற்றிக் கொடுப்பார். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேள்.

துணியா லெதரா என்று முன்பு ஒருமுறை கேட்டாயல்லவா, இரண்டிலும் துணி இருப்பது எனக்கு ஆறுதல். கார் லெதர் என்பது பெரும்பாலும் மேலே நிறமும் பிளாஸ்ரிக் படலமும் பூசிய தோல். வெடிப்பது தோலைவிட முதலில் அந்தப் படலம்தான். துணிக்கு மார்ட்டின்டேல் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ஒரு முரட்டுக் கம்பளித் துணியை அதன்மேல் வைத்து, நூல் அறும்வரை ஆயிரக்கணக்கான சுற்று தேய்த்துக் கணக்கெடுப்பார்கள். கடையில் எங்களிடம் அந்த இயந்திரம் இருக்கவில்லை. ஓட்டோக்காரரின் காற்சட்டைதான் எங்கள் பரிசோதனை.

மெல்பேர்ணில் உனக்கு எதிரி வேறு. இங்கே கடற்காற்றும் புழுக்கமும் எல்லாவற்றையும் ஈரத்தால் அழுகவைக்கின்றன. புதுக் காரின் இருக்கையில் வந்த பொலித்தீனை வருடக்கணக்கில் கழற்றாமல் ஓடுகிறவர்களின் இருக்கைகளைப் பிரித்துப் பார்த்தால் அடியில் பூஞ்சணம் பூத்திருக்கும். அங்கே தை மாதத்து வெயில் எல்லாவற்றையும் சுட்டு எடுக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் 70 பாகையையும் எட்டும். நீ வீதியோரத்தில் நிறுத்துகிறவள் என்பதால் முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வாங்கி வை. இந்தக் கடிதத்திலுள்ள எல்லாவற்றையும்விட அது கூடுதல் வேலைசெய்யும். சுவிப்டில் சிவப்பு நூல் தையல் இருக்கிறதே, அது வெயிலின் கணக்குப் புத்தகம். இருக்கையில் வெயில் படாமல் மறைந்திருக்கும் அடிப்பகுதியிலுள்ள நூலின் சிவப்பையும் தோள்பட்டை விளிம்பிலுள்ள நூலின் சிவப்பையும் ஒப்பிட்டுப் பார். வித்தியாசம் அதிகமென்றால் அந்தக் கார் நிழலைக் காணவில்லை. போலோவில் கூரைத் துணியைப் பின்கண்ணாடியோரத்தில் உள்ளங்கையால் மெதுவாக அழுத்து. துணிக்கும் அட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய ஸ்பொஞ்ச் வெக்கையில் பொடியாகினால் கூரை பந்தல்போலத் தொங்கும். அதன்பிறகு பசை பூசி ஒட்டுவதில் பிரயோசனமில்லை, முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்துணி போட வேண்டும்.

இரண்டிலும் சீற்பெல்ட்டை முழுவதாக வெளியே இழுத்துப் பார். கடைசி முழத்தில் தண்ணீர்க் கோடோ சேறோ இருந்தால் அந்தக் கார் வெள்ளம் கண்டது. விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடு. பெல்ட்டின் அடியில் தைத்த சீட்டில் அது தயாரான திகதி இருக்கும். அது காரின் வயதோடு ஒத்துப்போகாவிட்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேள்.

நீ எழுதாமலே எனக்குத் தெரியும், எதை வாங்கினாலும் அம்மா ஒரு உறை தைத்து அனுப்புவா என்று நினைத்திருப்பாய். நான் தைக்கப் போவதில்லை. முன்னிருக்கைகளின் பக்கத்தில் எயார்பேக் இருக்கிறது. அது விரியும்போது பிய்ந்து வழிவிட வேண்டுமென்றே அந்த ஓரத் தையலை அளந்து, அறக்கூடிய நூலால் போட்டிருப்பார்கள். அதன்மேல் நான் வழக்கமாகத் தைக்கும் கெட்டி நூலால் உறை போட்டால், இழுத்தாலும் அறாத தையல் என்று நான் பெருமைப்படுகிற அந்தத் தையலே உன்னைக் காக்க வருவதை மறித்துவிடும். கடைசி வருடங்களில் இதற்காகவே பலரைத் திருப்பி அனுப்பினேன். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. அந்தத் திண்டை மாற்றினாலும் எயார்பேக் இருக்கைகளில் வேலைசெய்து பழகியவரிடம் மட்டும் கொடு. இருக்கையைத் துடைக்க மென்மையான சவர்க்காரத் தண்ணீரும் பிழிந்த துவாயும் போதும். கை சுத்தம்செய்யும் அற்ககோல் திரவத்தைக் காரினுள் பாவிக்காதே.

இவ்வளவும் பார்த்த பிறகு என் கை சுவிப்ட் பக்கம்தான் சாய்கிறது. போலோவின் துணி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இந்தப் போலோவை ஓடியவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரேயொரு காரணம் என்னை மாற்றக்கூடும். படத்தில் அதன் ஸ்டியரிங் பத்து மணி இருக்குமிடத்தில் பளபளக்கிறது. அது தோலின் மேற்படலம் தேய்ந்த பளபளப்பா, வெறும் கை எண்ணெய்யா என்று படத்தில் தெரியவில்லை. விற்பவரிடம் கேட்டு, ஈரத் துணியில் துளி சவர்க்காரம் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்துக் காயவிடு. மங்கிப்போனால் அது அழுக்கு, போலோவை மறுபடி யோசிக்கலாம். அப்படியே மினுங்கினால் தேய்மானம், விட்டுவிடு. துடைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பு. ஃபிளாஷ் போடாதே, எல்லாம் மினுங்கும். கதவைத் திறந்து வைத்து, காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று எடு.

அன்புடன்,
அம்மா