அளக்காமல் விட்டது காற்றாடியை

பெஸ்தாரி ஜெயா
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய முறுக்குக்கு நன்றி என்று ஒரு வரி எழுதாதவள், இன்றைக்கு எதற்கு நீட்டி முழக்குகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். போனில் சொன்னால் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். கோணச்சி மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பந்திங் பக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் அறைக்கு டபுள் டெக்கர் கட்டில் வாங்கினோம். இரும்புக் கட்டில்தான், 480 ரிங்கிட். பெரியவளுக்கு மேல், சின்னவனுக்குக் கீழ் என்று கடையிலேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. இவர் டேப்பை எடுத்துச் சுவரை அளந்தார், கதவை அளந்தார், ஜன்னலைக்கூட அளந்தார். தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை அளக்கத்தான் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது நாள் ராத்திரி, 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், காற்றாடியின் இறக்கையில் போர்வை சுற்றிக்கொண்டு கிடக்கிறது. பெரியவள் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். தூக்கத்தில் போர்வையை உதறியிருக்கிறாள், அவ்வளவுதான். அது கையாக இருந்திருந்தால்? எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது சரசு. விடிந்ததும் அளந்தேன். கூரை ஒன்பது அடி. மேல் மெத்தை ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. பிள்ளை உட்கார்ந்து கையைத் தூக்கினால் நேரே இறக்கைதான். இவர் சொல்கிறார், "காற்றாடியைக் கழற்றிவிடலாம்." இந்த வெக்கையில்! முதலில் உங்களைத்தான் கழற்றணும் என்றேன்.

அப்புறம்தான் கட்டிலை ஒழுங்காகப் பார்த்தேன். மேலே தடுப்புக் கம்பி இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மெத்தை எட்டு அங்குலம். கடைக்காரர் 'நல்ல தடிப்பு' என்று தலையில் கட்டியது. அதைப் போட்ட பிறகு கம்பி மெத்தைக்கு மேல் மூன்று விரல்தான் தெரிகிறது. அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறதாம், 2000-லிருந்து. மெத்தைக்கு மேல் தடுப்பு குறைந்தது ஐந்து அங்குலம் நிற்கவேண்டும். சுவர்ப் பக்கமும் தடுப்பு வேண்டும். சுவர்தானே இருக்கிறது என்று நானும் நினைத்தேன். ஆனால் கட்டில் நாளாக நாளாகச் சுவரை விட்டு நகரும், அந்தச் சந்தில் பிள்ளை வழுக்கிவிடும். கம்பிகளுக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதும் அதனால்தான். உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மேலே படுக்கவிடக் கூடாது என்றும் சொல்கிறார்கள். நம்ம வீட்டுச் சின்னவனுக்கு ஐந்துதான். நான் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்து ஏறியிருக்கிறான், ஏணியில் கால் வழுக்கிக் கீழே வந்திருக்கிறான். முழங்கையில் சிராய்ப்பு. கேட்டால், "விழலம்மா, இறங்கினேன்" என்கிறான்! உன் வாரிசு எப்படி என் வயிற்றில் வந்து பிறந்தான் என்று தெரியவில்லை. சாரணர் முகாமில் நீயும் இதே கதைதானே சொன்னாய், நினைவிருக்கிறதா?

ஏணியையும் குறை சொல்லவேண்டும். உருட்டுக் கம்பி, செங்குத்தாக நிற்கிறது. பெரியவளே ராத்திரி ஒன்றுக்குப் போக இறங்கும்போது பாதம் வலிக்கிறது என்கிறாள். படிக்கட்டு வைத்து, படிக்குள் இழுப்பறையும் வைத்த கட்டில் ஒன்று பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. அது வந்தால் அறைக்குள் கதவு திறக்காது.

இங்கேதான் நீ வருகிறாய், மூவார் மகாராணி. ஊரே மேசை நாற்காலி கட்டில் செய்கிற ஊர், உன் வீட்டுக்காரரும் அதே தொழிற்சாலை வாசம். ரப்பர் மரத்தில் ஒரு கட்டில் பார்க்கச் சொல். உயரம் குறைந்ததாக இருக்கவேண்டும், படி பட்டையாக, மேலே நாலு பக்கமும் தடுப்பு. மெத்தை நான்கு அங்குலமே போதும். காற்றாடியைச் சுவருக்கு மாற்ற ஆள் சொல்லியாயிற்று. விலை ஆயிரத்துக்குள் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் முடியாது என்று நேராகச் சொல். இப்போதைக்கு இந்த இரும்புக் கட்டிலை இரண்டாகப் பிரித்துத் தரையோடு போட்டிருக்கிறோம். நடக்க இடமில்லை.

ஒன்று மனத்தில் குடைந்துகொண்டே இருக்கிறது. பெரியவளுக்குப் பதினொன்று. இன்னும் எத்தனை நாளைக்குத் தம்பியோடு ஒரே அறையில்? இரண்டு அறை வீடு, ஒன்றில் நாங்கள். தோட்டத்து லயத்து வீட்டில் நாம் ஒரே பாயில் ஏழு பேர் படுத்தோம், அது வேறு காலம். இப்போது அவள் துணி மாற்றக் குளியலறைக்குப் போகிறாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கட்டில் வாங்கி அதை எத்தனை வருஷம் தள்ளிப்போடப் பார்க்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் ரப்பர் மரக் கட்டில் என்றேன். சிரிக்கிறார். "பால் மரத்திலயா? அது வெறகுக்குத்தானே, நாலு மாசத்துல புழு அரிச்சிடும்." அறுத்த கையோடு மருந்து ஏற்றிக் காயவைத்தால் அரிக்காது என்று உன் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்த மரத்தைச் சாய்த்துத்தான் செய்கிறார்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இங்கே நாம் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு பொறுக்கிய இடமெல்லாம் இப்போது செம்பனை, பார்த்தாய் அல்லவா.

விலையும் படமும் அனுப்பு. எந்தத் தோட்டத்து மரம் என்று கேட்டு எழுதச் சொல்கிறார் அம்மா.

உன்,
மல்லி